தாத்தா ஆச்சி சதாபிஷேகம் – நம்ம வீட்டுக் குழு

செல்வி அத்தை: ஞாயிறு விசேஷம். கார்த்தி டொரண்டோவில் இருந்து லைவ் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் நெட் இன்றைக்கும் விட்டு விட்டு வருகிறது.

சித்தப்பா: என் மாடியில் லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

முரளி: சிக்கல் நடுவில், சித்தப்பா. உங்கள் மாடியிலிருந்து பழைய வீட்டு மாடிக்கு நெட்டைக் காற்றில் அனுப்பும் ரேடியோவில் கார்டு இன்டர்வல் 400 நானோ செகண்டில் கிடக்கிறது. 800 ஆக்க வேண்டும்.

பெரியப்பா: புரியும்படி சொல்லப்பா.

முரளி: சிக்னலைத் துண்டு துண்டாக அனுப்பும்போது நடுவில் விடும் இடைவெளி, பெரியப்பா. நேராக வருவது போக, எதிலாவது பட்டுச் சுற்றியும் அதே சிக்னல் பிந்தி வரும். இடைவெளிக்குள் வந்துவிட்டால் தொந்தரவு இல்லை. பிந்தினால் அடுத்த துண்டைக் கெடுக்கும். 400-இல் 120 மீட்டர் சுற்றுவரை தாங்கும், 800-இல் 240.

முரளி: மாடிக்கு மாடி 1.2 கிலோமீட்டர். பாதி வழியில் 300 மீட்டர் தள்ளி ரைஸ்மில் தகரக் கொட்டகை. அதில் பட்டு வந்தால் கூடுதலாக 140 மீட்டர். 400 பத்தாது.

சித்தப்பா: அந்தக் கொட்டகையைப் பாகம் பிரிக்கும்போதே இடிக்கச் சொன்னேன்.

பெரியப்பா: தகரம் மாற்ற யார் பணம் போட்டது?

செல்வி அத்தை: அண்ணா, அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

கார்த்தி: நடுவில் இருக்கும் குளத்துத் தண்ணீரில் பட்டும் வருமே?

முரளி: வரும். மாடி உயரத்துக்கு அந்தச் சுற்று ஒரு மீட்டர்கூட இருக்காது.

கார்த்தி: வேகம்?

முரளி: 72 Mbps 65 ஆகும். லைவ்வுக்கு 5 போதும். அறுந்து அறுந்து வரும் 72 எதற்கு?

சாந்தி சித்தி: மதினி, எத்தனை இலை? சமையல்காரர் கேட்கிறார்.

செல்வி அத்தை: 250

சாந்தி சித்தி: சம்பந்தி வீடு சேர்த்தா?

சித்தப்பா: முரளி, ரேடியோ செட்டிங்கில் தூரம் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் கூட்டவா?

முரளி: வேண்டாம் சித்தப்பா! அது பதில் வரக் காத்திருக்கும் நேரத்துக்கு. சரியாகத்தான் இருக்கிறது. கார்டு இன்டர்வலுக்கு மொத்தத் தூரம் கணக்கில்லை, சுற்றி வருவதில் கூடும் தூரம்தான். முடிந்தால் இந்த அகல ஆண்டனாவை எடுத்துவிட்டு டிஷ் போடலாம். கொட்டகைப் பக்கமே பார்க்காது.

பெரியப்பா: டிஷ் யார் செலவு?

சித்தப்பா: 👆

முரளி: முதலில் 800 போட்டுப் பார்ப்போம். இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும். பாஸ்வேர்ட் யாரிடம்?

சித்தப்பா: மாட்டிய பையனிடம் கேட்கிறேன்.

தாத்தா: மாடிச் சாவி என்னிடம். சாயங்காலம் வா. மூக்குப்பொடி வாங்கி வா.

செல்வி அத்தை: முரளி, பொடி வாங்காதே.

சாந்தி சித்தி: 250ஆ 300ஆ?