மிச்சிகனில் முதல் செர்ரி பீர்: புதிதாக வந்தவர்களுக்கு

டெட்ராய்ட் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்களா? ஜூலையில் ஒரு சனிக்கிழமை டிராவர்ஸ் சிட்டிக்குக் காரை விடுங்கள், நாலு மணி நேர ஓட்டம். சாலையோரக் கடைகளில் மான்ட்மரென்சி என்ற புளிப்புச் செர்ரி கிடைக்கும். அமெரிக்காவில் விளையும் புளிப்புச் செர்ரியில் பெரும்பகுதி இந்த மாநிலத்துடையதுதான். அப்படியே தின்றால் பல் கூசும். ஆனால் கோதுமை பீரில் போட இதைவிடப் பொருத்தமான பழம் எனக்குத் தெரியாது. கொட்டையை எடுத்துவிட்டு அரைக்கிலோ பைகளாக ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். உறைந்து உருகும்போது சதை உடைந்து சாறு தானாக இறங்கும்.

முதலில் சட்டம், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு வீட்டில் பீர் செய்வதற்கு மத்திய வரி இல்லை. 21 வயது நிறைந்த ஒருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200 கேலன் வரை செய்யலாம். விற்கக் கூடாது. சாராயம் வடிப்பது இந்தச் சட்டத்தில் அடங்காது, அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்னொன்று: ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசா ரத்தாகலாம்.

முதல் முறை ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் மட்டும் செய்யுங்கள். அபார்ட்மென்ட் அடுப்புக்கு அது போதும். கோதுமை மால்ட் பவுடர் (முளைகட்டிய தானியச் சாறைக் காயவைத்த பொடி) 450 கிராம், ஹாலர்டவ் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) 7 கிராம், ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் பாக்கெட்டில் பாதி, இவ்வளவுதான் சாமான். நாலரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மால்ட் பவுடரைக் கரையுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் பால் பொங்குவதுபோல ஒரே மூச்சில் மேலே வரும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கி அடங்கியதும் ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். பிறகு ஐஸ் போட்ட சிங்க்கில் பாத்திரத்தை இறக்கி, 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறிய பிறகே வாளியில் ஊற்றி ஈஸ்ட் போட வேண்டும். ஆறிய பின் அதைத் தொடும் வாளி, கரண்டி, குழாய் எல்லாமே கிருமிநாசினிக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியை வாங்கினால் லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும், அலசத் தேவையில்லை.

தோசை மாவு புளிக்க வைத்த கைப்பழக்கம் இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும். குளிர்காலத்தில் ஓவன் லைட்டைப் போட்டு உள்ளே மாவை வைப்பது இங்கே நம் வீடுகளில் வழக்கம். அந்தச் சூடு பீருக்கு ஆகாது. 25 டிகிரியைத் தாண்டினால் தொண்டையை அறுக்கும் ஒரு சாராய நெடி வந்துவிடும். 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும் பேஸ்மென்ட் மூலை நல்லது. அக்டோபரில் செய்தால் அந்த இடம் தானாகவே அமைந்துவிடும்.

பத்து நாள் கழித்துத்தான் பழம். உருகிய அரைக்கிலோ செர்ரியை 70 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு, வாளியில் சேருங்கள். கொதிக்க விட்டால் பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருள் இறங்கி பீர் கலங்கிவிடும், ஜாம் வாடையும் வரும். குறுகிய வாய் கண்ணாடி ஜாடி வேண்டாம். தோல் மேலே மிதந்து வந்து வாயை அடைத்தால் மூடி தெறிக்கும். இரண்டு கேலன் பிளாஸ்டிக் வாளியே சரி.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பழம் போட்டதும் ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அரைக்கிலோ செர்ரியில் குறைந்தது 35 கிராம் சர்க்கரை உண்டு. பாட்டிலில் நுரை கட்ட நாம் போடுவது மொத்த கேலனுக்கும் 23 கிராம்தான். பழச் சர்க்கரை தீராமல் பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும் என்று என் இரண்டாவது முறையில் பார்த்தேன். நாலாம் நாள் குமிழி நின்றது, முடிந்தது என்று நினைத்து அடைத்துவிட்டேன். எட்டு நாள் கழித்து நள்ளிரவில் துணி அலமாரிக்குள் வெடிச்சத்தம். மூன்று பாட்டில்கள் போயிருந்தன. குளிர்கோட்டின் பஞ்சுக்குள்ளே கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. மகளுக்கு அப்போது இரண்டு வயது, பகலெல்லாம் அந்த அலமாரிக் கதவைத் திறந்து விளையாடுவாள். கம்பளத்தை இரண்டு நாள் விரலால் தடவித் தடவிப் பார்த்தோம்.

அதனால் குமிழியை நம்பாதீர்கள். பத்து டாலர் கொடுத்து ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், பீரில் சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் மிதவைக் கருவி அது. பழம் போட்டு இரண்டு வாரம் ஆன பிறகு அளவெடுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும், நுரைக்கான அந்த 23 கிராம் சர்க்கரையைக் கலந்து அடையுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள், கெடாது. அடைத்த பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

நம் ஊர்க் கடையில் கிடைக்கும் மாம்பழக்கூழ் டின்னைப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அதில் பெரும்பாலும் கூடுதல் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடும், இனிப்பு மிஞ்சாது, மாம்பழ வாசனையும் மெலிந்துவிடும். லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்று கெடாமல் காக்கும் ரசாயனங்கள் இருந்தால் வாங்காதீர்கள், ஈஸ்ட் சரியாக வேலை செய்யாது. முதல் முறைக்கு செர்ரியே என் தேர்வு, அதன் புளிப்பு கடைசி வரை நிற்கும்.

பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். இங்கே காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட் வரும், அதற்குப் பதிலாகப் பழுப்பு நிறப் பாட்டில்களைச் சேர்த்து வையுங்கள். திருகு மூடி வகை ஆகாது, ஓப்பனர் போட்டுத் திறப்பதாக இருக்க வேண்டும். ஒரு கேலனுக்கு எட்டு, ஒன்பது பாட்டில் வரும்.

அடைத்து இரண்டு வாரம் அறைச் சூட்டில், அப்புறம் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில். ஊற்றும்போது அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காமல் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மேலே வரும் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும்.