மப்பொந்தின்ல (பர்மா அடையாள அட்டைல) ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு: இன்டர்வியூல எதைச் சொல்றது?

சிரியம்பொண்ணு:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. நான் ரங்கூனுக்குப் பக்கத்துல இருக்கிற சிரியம் பக்கம், வயசு 23, எல்சிசிஐங்கிற கணக்குப் பரீட்சைல லெவல் 3 முடிச்சிருக்கேன். வர்ற செவ்வாய்க்கிழமை ரங்கூன்ல உளுந்து, துவரை ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனில டாக்குமென்ட் செக்சனுக்கு இன்டர்வியூ. போன மாசம் வேற ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி வேலைக்குப் போயிருந்தேன், அங்க நடந்தது இன்னும் மனச விட்டுப் போகல. மப்பொந்தின் கார்டுல எனக்கு பர்மா பேரு, ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா வச்சது. வீட்டுல, கோயில்ல, ஊருக்குள்ள எல்லாம் தமிழ்ப் பேருதான். எனக்குப் பிடிச்ச பேருங்கிறதால சீவில (பயோடேட்டாவுல) தமிழ்ப் பேரைப் போட்டிருந்தேன். இன்டர்வியூ எடுத்த சயா (ஆபீஸ் பெரியவரு) கார்டைப் பாத்தாரு, சீவியைப் பாத்தாரு, திரும்ப கார்டைப் பாத்துட்டு "இது யாரு?"ன்னாரு. எனக்கு வேர்த்துப் போச்சு. தாத்தா காலத்துல இருந்து ஆரம்பிச்சு, 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டது, சொந்தக்காரங்க பாதிப் பேரு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினதுன்னு என்னென்னமோ சொல்லிட்டே போனேன், அவரு பேனாவை மூடி வச்சிட்டாரு. அதுக்கப்புறம் போனே வரல.

இந்த தடவை எந்தப் பேரைச் சொல்லணும்? பொட்டு, மூக்குத்தியோட போலாமா? இன்னொண்ணு, எங்கப்பா நெல்லறுத்த பிறகு அதே வயல்ல உளுந்து போடுறவரு. அதெல்லாம் சொன்னா பட்டிக்காடுன்னு நெனைச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு.

பெகுஅக்கா:
தங்கச்சி, நான் பயின்னாங் சந்தைப் பக்கம் ஒரு ஆபீஸ்ல 11 வருஷமா இதே டாக்குமென்ட் வேலைதான் பாக்குறேன், அதனால சொல்றேன் கேளு. அந்த சயா உன் சாதியையோ பூர்வீகத்தையோ கேக்கல. ரெண்டு தாள்ல ரெண்டு பேரு இருந்தா அவருக்குக் கண்ணு அங்கதான் போகும், அவரு தொழிலே அது. ஒரு சரக்கு கிளம்புதுன்னா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பல்ல ஏத்தினதுக்கான ரசீது), ஃபைட்டோ சர்டிபிகேட் (சரக்குல பூச்சி, நோய் இல்லங்கிறது), புகைபோட்ட சர்டிபிகேட், ஒரிஜின் சர்டிபிகேட், இத்தனைலயும் வாங்குறவங்க பேரும் எடையும் மூட்டை எண்ணிக்கையும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கணும். நான் சேந்த புதுசுல ஒரு பில்லுல வாங்குறவரு பேருல ஒரே ஒரு எழுத்து விட்டுப் போச்சு, சரக்கு சென்னைத் துறைமுகத்துல இறங்கியும் எடுக்க முடியல, திருத்தி வர்ற வரைக்கும் நாள் கணக்குல வாடகை ஏறிக்கிட்டே இருந்துச்சு, எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்படிப்பட்ட வேலைக்கு வர்ற பொண்ணு தன்னோட பேரையே ரெண்டு விதமா எழுதிட்டு வந்தா என்ன நெனைப்பாங்க சொல்லு.

சீவில மொதல்ல கார்டு பேரு, கார்டுல இருக்கிற அதே எழுத்துல. அதுக்குப் பின்னாடி பர்மால "க்கோ"ன்னு போட்டு தமிழ்ப் பேரு. அழைக்கப்படும்னு அர்த்தம், இந்த நாட்டுல எல்லாரும் பண்றதுதான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கேட்டா ஒரே வரில பதில், "கார்டுல இது, வீட்டுல இது, ரெண்டும் நான்தான் ஷின்." (ஷின்னு சேக்குறது பர்மால பொண்ணுங்க மரியாதைக்குச் சொல்றது.) அதோட நிறுத்திக்கோ. தாத்தா கதை பெரிய கதைதான், வேலைல சேந்த பிறகு டீ குடிக்கும்போது சொல்லலாம்.

அப்பா வயல் விஷயத்தை மட்டும் மறைக்கவே மறைக்காத!! உளுந்துல எஸ்க்யூன்னு ஒரு தரம் (ஸ்பெஷல், உசத்தி), எஃப்ஏக்யூன்னு ஒரு தரம் (சராசரி), விலையே வேற வேற. டிகிரி முடிச்சுட்டு வர்ற புள்ளைங்க பல பேருக்கு அந்த ரெண்டையும் கைல குடுத்தா வித்தியாசம் தெரியாது. உனக்குத் தெரியும்ல?

மோல்மேன்காரன்:
அக்கா சொன்னது சரி. நான் ஆபீஸ் பழக்கத்தைச் சொல்றேன். கார்டு, சர்டிபிகேட் எதைக் குடுத்தாலும் வலது கையால குடு, இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்கணும். பெரியவங்க உக்காந்திருக்க முன்னால நடந்தா லேசா குனிஞ்சு போ. வாசல்ல செருப்பு கெடந்தா நீயும் கழட்டிரு. தமேனை (கட்டுற லுங்கியை) முந்தின நாள் கரண்ட் இருக்கும்போதே தேச்சு வச்சிரு, காலைல பாத்துக்கலாம்னு விட்டா கரண்ட் போயிரும். மழைக்காலம், சிரியம் பாலத்துல வண்டி நின்னா நின்னதுதான், அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பு. சர்டிபிகேட்டை பிளாஸ்டிக் உறைக்குள்ள வை.

பொட்டு பத்தி, என் அபிப்ராயம் வேணாம்னுதான். மொத தடவை பாக்குறவங்களுக்கு நம்ம முகம் மனசுல நிக்கணும், பொட்டு இல்ல.

பெகுஅக்கா:
அண்ணன் மேல மரியாதை உண்டு, ஆனா இதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்தக் கம்பெனி சரக்கு போறதே நம்ம ஊருப் பக்கம். 2021ல இந்தியா போட்ட ஒப்பந்தத்துல 2021-22ல இருந்து 2025-26 வரைக்கும் அஞ்சு நிதியாண்டுக்கு வருஷா வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை பர்மால இருந்து எடுத்துக்கிறோம்னு இருந்துச்சு. போனை எடுத்தா அந்தப் பக்கம் தமிழ்லதான் பேசுறாங்க. தமிழ் தெரிஞ்ச பொண்ணுங்கிறது அவங்களுக்கு வேணும். சின்னப் பொட்டா வச்சுட்டுப் போ, மூக்குத்தி இருக்கட்டும். தமிழ் பேசுவேன்னு சீவில எழுது, எழுதப் படிக்கத் தெரியும்னா அதையும் எழுது.

கணக்கு ஒண்ணு கேட்டாலும் கேப்பாங்க. ஒரு வீசை 1.633 கிலோ, அப்போ ஒரு டன்னுக்கு 612 வீசை சொச்சம். இந்த வீசையே நம்ம வார்த்தைதான், பர்மால பெய்த்தாங்கிறாங்க, இங்கிலீஷ்காரன் விஸ்ஸுன்னான். கடைசில நீயும் ரெண்டு கேள்வி கேளு. சிரியத்துக்கு ஃபெர்ரி வண்டி (ஆபீஸ் ஆளுங்களை ஏத்திட்டுப் போற வண்டி) வருமா, கப்பல் ஏத்துற நாள்ல எத்தனை மணி வரைக்கும் இருக்கணும். இதைக் கேட்டா வேலைக்கு வரப்போற ஆளுன்னு தெரியும்.

சிரியம்பொண்ணு:
அக்கா, அண்ணன், போயிட்டு வந்துட்டேன். இன்டர்வியூ எடுத்தது வயசான ஒரு சயாமா (ஆபீஸ் பெரியம்மா). சீவியைப் பாத்தாங்க, கார்டைப் பாத்தாங்க, "க்கோ"வுல விரலை வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டாங்க, தலையாட்டிட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டாங்க. அவ்வளவுதான், எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம் ரெண்டு தட்டுல உளுந்து கொண்டுவந்து வச்சாங்க, எது எதுன்னு சொல்லல. நான் அள்ளி உள்ளங்கைல பரப்பினேன். ஒண்ணுல மணி பெருசா ஒரே அளவா இருந்துச்சு, இன்னொண்ணுல பொடி மணியும் கலந்து, ரெண்டு மூணுல வண்டு துளைச்ச ஓட்டை. துளைச்சதைத் தனியா எடுத்து வச்சுட்டு, இது எஸ்க்யூ, இது எஃப்ஏக்யூன்னேன். எப்படித் தெரியும்னு கேட்டாங்க, அப்பா மாசில உளுந்து அடிக்கும்போது நான்தான் புடைப்பேன் ஷின்னு சொன்னேன். அதுக்குப் பிறகு வயலைப் பத்தியே ரொம்ப நேரம் கேட்டாங்க. பொட்டு வச்சுட்டுதான் போனேன். ஃபெர்ரி பாலத்துக்கு இந்தப் பக்கம் வராதாம், பாலம் தாண்டிப் போய் ஏறணும், பரவாயில்ல.

வியாழக்கிழமை ஒரிஜினலோட, வார்டு ஆபீஸ் லெட்டரும் போலீஸ் ஸ்டேஷன் லெட்டரும் கொண்டு வரச் சொன்னாங்க. வார்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் என்னைத் தமிழ்ப் பேருலதான் தெரியும், லெட்டர்ல எந்தப் பேரு போடச் சொல்றது?

பெகுஅக்கா:
கார்டு பேருதான் தங்கச்சி. கார்டு காப்பியைக் கைல குடுத்து அதைப் பாத்து எழுதச் சொல்லு. சீல் குத்துறதுக்கு முன்னாடி அங்கேயே நின்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சிரு, அப்பா பேரையும் சேத்து.