காரைக்குடியில் ஒரு பயிற்சியும் டீச்சரின் கடன் நோட்டும்

ஒரே டீச்சரிடம் தொழில் பயிற்சி பெற்ற மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை.

கோட்டையூரிலிருந்து:

2023 ஆவணியில் காரைக்குடியில் நடந்த ஆறு நாள் தொழில் பயிற்சிக்குப் போனேன். காசு கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு என்று குழுவில் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் சான்றிதழுக்காகத்தான் போனேன். அது இருந்தால் வங்கியில் கடன் கேட்கச் சுலபம் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். நானும் மாமியாரும் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் போட்டு விற்கிறோம். பத்து வருஷமாகச் செய்கிற வேலையில் புதிதாக யார் என்ன சொல்லித் தந்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு.

நடத்தியவர் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. மேடம் என்று கூப்பிட்டால் பிடிக்காது என்றார், அதனால் எல்லோருக்கும் டீச்சர். முதல் நாள் பேச்சு எதுவும் இல்லை. பையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டை எடுத்து எங்களிடம் சுற்றுக்கு விட்டார். அவர் முன்பு வைத்திருந்த தையல் கடையின் கடன் நோட்டு. பக்கம் பக்கமாகப் பெயர், தொகை, ‘தை பிறந்ததும்’, ‘மகன் பணம் அனுப்பியதும்’. ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொன்னார் (ஆட்களின் பெயரை விட்டுவிட்டு). கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை, 41,000 சொச்சம். “இது வசூலாகியிருந்தால் நான் இங்கே வந்து பேச வேண்டியிருந்திருக்காது, கடையில் இருந்திருப்பேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நோட்டைத் திரும்ப வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் என்னைத்தான் பிடித்தார். ஐந்து கிலோ தேன்குழலுக்கு என்ன செலவு என்று கேட்டார். அரிசி, உளுந்து, கடலை எண்ணெய், வெண்ணெய், சீரகம், கேஸ் எல்லாம் சேர்த்து 710 ரூபாய் என்றேன். கிலோ 200 வீதம் விற்றால் 1,000. லாபம் 290 என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“கவரு, பஸ்ஸு?”

“அது ஒரு அம்பது ஆகும் டீச்சர்.”

“சரி, 240. எத்தனை பேர் செய்யிறீங்க, எவ்வளவு நேரம்?”

நானும் மாமியாரும், காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு முன்னால் ஊறவைத்ததும் அரைக்கக் கொடுத்ததும் தனி. கரும்பலகையில் ஆளுக்கு 120 என்று எழுதினார். பக்கத்தில், அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த நாள் கூலியான 294-ஐ எழுதினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அறையில் இருந்த முப்பது பேரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. கோபம் வந்தது. எங்கள் கூலியைப் பொருளின் விலையில் சேர்க்க வேண்டும் என்பது பத்து வருஷத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லையே என்கிற கோபமும் அதில் சேர்த்தி.

செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு ரத்தத்தில் ஊறியது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன பெட்டியடிப் பையன் (கடையின் எடுபிடி) அடுத்தாளாகி (உதவிப் பொறுப்பாளர்), பிறகு முதலாளியானான், 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது என்று பெருமை பேசுவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய வீடுகளில் எங்கள் பாட்டி சமையல் ஆளாக இருந்தது, பின்பக்கத்து இரண்டாங்கட்டு அடுப்படியில். இதை டீச்சரிடமே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. “கணக்குப் பேரேடு கடல் தாண்டிப் போனது ஆம்பளைங்களோட. ஆனா கல்யாணமானதும் தனிக் குடித்தனமா வேறு வைப்பாங்கல்ல, அரிசி பருப்பு முதற்கொண்டு வருஷத்துக்கு இவ்வளவுன்னு அளந்து கொடுப்பாங்க. அதுக்குள்ளே குடித்தனம் ஓட்டினது ஆச்சிங்கதான். உங்க பாட்டிக்கு அளந்து போட்டவங்களுக்கும் கணக்கு தெரியும், வாங்கிச் சமைச்ச உங்க பாட்டிக்கும் தெரியும். எழுதி வைக்கலை, அவ்வளவுதான்” என்றார். அதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அளந்து போடுகிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் ஒன்றா?

மற்ற நாட்கள் வேகமாகப் போயின. உத்யம் பதிவுக்கு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், அது இலவசம் என்றார் (பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னிடம் ஏற்கெனவே 500 வாங்கிவிட்டார்கள்). உணவுப் பாதுகாப்புப் பதிவு எங்களைப் போன்ற சின்ன வியாபாரத்துக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான் என்றார். அப்புறம், ஆடி மாதத்துக்கு என்ன திட்டம் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். கல்யாணச் சீர்ப் பலகாரத்தை நம்பி இருக்கிற எங்களுக்கு ஆடியில் அடுப்பு எரியாது. அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது.

தேன்குழலைக் கிலோ 280 ஆக்கினேன். வழக்கமாக வாங்கும் நான்கு வீட்டில் இரண்டு வீடு நின்றது. ஒரு வீட்டில் தீபாவளிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், இன்னொரு வீட்டில் இன்னும் பேச்சே இல்லை.

ஆத்தங்குடியிலிருந்து:

அக்கா சொல்கிற டீச்சர்தான் எங்களுக்கும் நடத்தினார். எங்களுக்குத் தரைக்கல் போடும் வேலை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு எடுக்கிற கல். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

என்னிடம் கூலி பற்றிக் கேட்கவே இல்லை. நாங்கள் நாலு பேர், சம்பளக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். “நூறு கல்லுக்கு எத்தனை உடையுது தம்பி?” என்றார். கொஞ்சம் போகும் என்றேன். கொஞ்சம் என்றால் எத்தனை என்று விடவில்லை. ஒரு வாரம் எண்ணிக்கொண்டு வா என்று அனுப்பினார். எண்ணினால் நூற்றுக்குப் பதினொன்று. பட்டறையில் இரண்டுதான், மீதி ஒன்பதும் லாரியில் ஏற்றி இறக்குவதில். இத்தனை வருஷம் கலவை சரியில்லை என்று பட்டறை ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அடுக்குக்கு நடுவே வைக்கோல் கூடுதலாகப் போடுகிறோம், உடைசலும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. திட்டு வாங்கியவர் என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

புதுவயலிலிருந்து:

எல்லோரும் புகழ்கிறீர்கள், என் கதையையும் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாவு மில்லுக்கு 4 லட்சத்துக்குத் திட்ட அறிக்கை போட்டேன். கிராமத்துப் பெண் என்பதால் கைக்காசு 5 சதவீதம், மானியம் 35 சதவீதம். அதாவது என் பங்கு 20,000, மானியம் 1,40,000. முதலில் போன வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். இந்தத் தொகைக்கு ஈடு கேட்கக் கூடாது என்று டீச்சர் வகுப்பில் சொன்னது நினைவிருந்தது. ஆனால் மேனேஜர் முன்னால் வாய் வரவில்லை. மூன்று மாதம் வீணாகப் போனது. பிறகு வேறு கிளையில் கிடைத்தது.

அதற்கப்புறம்தான் பெரிய குழப்பம். மானியம் கைக்கு வரும், மிளகாய் அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று அட்வான்ஸே கொடுத்துவிட்டேன். அந்தப் பணம் மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகத்தான் இருக்குமாம், தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழிப்பார்களாம். அந்தப் பகுதிக்கு வட்டி இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். டீச்சருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். “நாலாம் நாள் மத்தியானம் சொன்னேனே, நோட்டைப் பாரும்மா” என்றார். பார்த்தேன். என் கையெழுத்திலேயே ‘3 வருஷம்’ என்று எழுதியிருக்கிறது, கீழே சாம்பார்க் கறை.

அட்வான்ஸ் 5,000 திரும்பி வரவில்லை. மில் ஓடுகிறது, காலையில் கூட்டம் இருக்கிறது, மத்தியானம் ஈ ஓட்டுகிறேன். அடுத்த ஏப்ரலில்தான் அந்த 1,40,000 கழியும். அதுவரை மாதா மாதம் 7-ஆம் தேதி தவணை.