பிறவிப் பாவமா, வீழ்நிலையா? இறையியல் கலைச்சொல் குறித்து

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆதாமின் வீழ்ச்சியால் மாந்தர் அனைவரும் பாவநிலையில் பிறக்கின்றனர் என்பது கிறித்தவக் கோட்பாடு. பொதுவாகப் 'பிறவிப் பாவம்' எனப்படும் அதைக் குறிக்கும் 'பெக்காத்தும் ஒரிஜினாலே' என்னும் லத்தீன் தொடருக்கு, நம் இறையியல் கலைச்சொல் பட்டியலில் 'ஜென்ம பாவம்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று கீழ்ப்பாக்கத்து ஐயாவும், 'பிறப்புநிலைப் பாவம்' போதும் என்று சாந்தோமிலிருந்து எழுதும் அம்மையாரும் கூறியிருந்தனர். இரண்டும் செபப் புத்தகங்களிலும் ஞானோபதேசத்திலும் (மறைக்கல்வியிலும்) ஊறிய சொற்கள். பழைய நூல்களைப் பதிப்பிக்கையில் அவற்றில் கைவைக்கக் கூடாது. ஆனால், இக்கோட்பாட்டை மறுபரிசீலனை செய்யும் இன்றைய இறையியலர்களின் எழுத்தைத் தமிழில் தரும்போது, அவர்கள் எதை மறுக்கிறார்களோ அதையே இவ்விரு சொற்களும் வாசகர் மனத்தில் முதலில் ஏற்றிவிடுகின்றன.

'ஜென்ம பாவம்' என்பதைத் தமிழ்ச்செவி எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். மயிலாப்பூர் குளக்கரையில் ஒருவர் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று அலுத்துக்கொண்டால், முற்பிறவியில் தாமே செய்த ஏதோ ஒன்றைத்தான் அவர் குறிக்கிறார். கிறித்தவ வழக்கோ 'ஜென்ம பாவம், கர்ம பாவம்' என்று இணைத்து, முன்னதைத் தான் செய்யாதது என்றும் பின்னதை இவ்வாழ்வில் தான் செய்தது என்றும் பிரிக்கிறது. ஆக, சபைக்கு உள்ளே ஒரு பொருளும் வெளியே அதற்கு நேர்மாறான பொருளும் அந்தச் சொல்லுக்கு இருக்கின்றன. 'தொல்வினை' என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான், ஏனெனில் தொல்வினையும் தன்வினையே.

'பிறப்புநிலைப் பாவம்' இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது; இக்கோட்பாட்டுக்கு வடிவம் தந்த பண்டைய லத்தீன் இறையியலர் அகுஸ்தீனாருக்கு அது உண்மையாகவும் இருக்கிறது, இனப்பெருக்கத்தின் வழியே பாவம் கடத்தப்படுகிறது என்று அவர் கருதியதால். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமும், ஆதாமைப் பார்த்துச் செய்வதால் அன்று, அவன் வழித்தோன்றுவதால்தான் அது வருகிறது என்றே வரையறுத்தது. எனினும், 'பிறப்பு' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எவராலும் வெறும் உயிரியல் சொல்லாகக் கேட்க முடியாது. பிறப்பாலே ஒருவரைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகத்தில், "பிறப்பொக்கும்" என்ற குறளடியை அதற்கு எதிராக மேற்கோள் காட்டிவரும் மக்களிடம், 'பிறக்கும்போதே கறையோடு பிறந்தாய்' என்று ஒரு கோட்பாடு பேசுமானால், அது எல்லா மாந்தரையும் ஒரே வரிசையில் நிறுத்த வந்த கோட்பாடு என்பது மறைந்துபோகும். ஒடுக்கப்பட்டோர் இறையியலைத் தமிழில் எழுத விழைவோருக்கு இது சிறிய தடையன்று.

உரோமையர் 5:12ஐ இங்கு நெருங்கிப் பார்க்க வேண்டும். அகுஸ்தீனார் கையாண்ட லத்தீன் வடிவம் அவ்வசனத்தின் இறுதியை 'அவனில் எல்லாரும் பாவம் செய்தனர்' என்று பொருள்படும்படி தந்தது. எல்லா மனிதரும் ஆதாமுக்குள் இருந்தே குற்றம் புரிந்தனர் என்ற வாதம் அந்த 'அவனில்' என்பதில் பெரிதும் ஊன்றி நின்றது. கிரேக்கத் தொடருக்கு இன்று பெரும்பாலோர் கொள்ளும் பொருள் 'ஏனெனில்' என்பதாகும். நம் பழைய தமிழ் வேதாகமமோ "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்றே சொல்கிறது. அதாவது, அகுஸ்தீனாருக்கு ஊன்றுகோலாக இருந்த வாசிப்பு, அந்த வேதாகமத்தை ஓதி வளர்ந்த தமிழ்க் கிறித்தவரின் வேதப் புத்தகத்தில் இருந்ததே இல்லை. அது ஞானோபதேசத்தின் வழியாக மட்டுமே அவரிடம் வந்து சேர்ந்தது. கிரேக்கத்திலேயே படித்த கீழைத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து சாவும் சீர்குலைவும் வருகின்றன, குற்றப்பொறுப்பு வருவதில்லை என்று நின்றுவிட்டன. அவர்களுடைய தொடருக்கு 'மூதாதையர் பாவம்' என்பதே பொருந்தும். அதை லத்தீன் மரபின் தொடரோடு கலக்க வேண்டாம்.

சைவ சித்தாந்தத்திலிருந்து உயிரை மறைக்கும் அழுக்கான 'ஆணவ மலம்' என்பதை எடுத்தாளலாமே என்ற யோசனை அழகானதுதான். செம்பில் களிம்புபோல் உயிரோடு உடனிருப்பது என்ற பழைய உவமை, செயலுக்கு முந்திய ஒரு நிலையைச் சொல்வதில் வேறெதையும்விடத் தெளிவானது. ஆனால் ஆணவம் அனாதி, தொடக்கமே இல்லாதது. படைப்போ நல்லது, கேடு பின்னர் நுழைந்தது என்பது கிறித்தவக் கோட்பாட்டின் அடிப்படை. லுத்தரன் சபைக்குள்ளேயே மத்தியாஸ் ஃபிளாசியுஸ் என்பவர் பாவமே வீழ்ந்த மனிதனின் சாரம் என்று வாதிட்டபோது, 1577ஆம் ஆண்டின் இசைவு வாய்ப்பாடு என்னும் லுத்தரன் நம்பிக்கை அறிக்கை அதை மறுத்ததும் இதே காரணத்தால்தான்.

எனவே என் முன்மொழிவு 'வீழ்நிலை'. இது வினைத்தொகை, நன்னூல் கூறும் "காலம் கரந்த பெயரெச்சம்". வீழ்ந்த நிலை, வீழ்கின்ற நிலை, வீழும் நிலை மூன்றும் இதில் அடக்கம். ஏதேனில் என்றோ நடந்து முடிந்த ஒன்றாக மட்டும் பார்க்காமல், ஒவ்வொருவரும் தம் விருப்பத்துக்கு முன்பே நுழைந்துவிடுகிற, நுழைந்தபின் தாமும் நீட்டிக்கிற நிலையாகக் காண்போருக்கு இந்த இலக்கண அமைப்பு கைகொடுக்கிறது. டச்சு இயேசு சபையாளரான பீட் ஸ்கோனன்பெர்க் 'உலகின் பாவம்' என்ற யோவான் நற்செய்தித் தொடரைக் கொண்டு விளக்கியதும், 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' என்று எழுதியதும் இச்சொல்லோடு இயல்பாக இணையும். (இன்னொன்றும் உண்டு: 'வீழும் இருவர்க்கு' என்னும் குறளில் வீழ்தல் என்பது விரும்புதல். இச்சையையும் வீழ்ச்சியையும் அகுஸ்தீனார் பிணைத்ததை எண்ணினால் இது வியப்பளிக்கிறது. ஆயினும் இதை நான் ஆதாரமாக வைக்கவில்லை.)

'பாவம்' என்ற சொல்லே விடுபட்டால் கோட்பாட்டின் கூர்மை போய்விடாதா என்று ஐயா கேட்பார். நியாயமான கேள்வி. 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூலே, இது பாவம் எனப்படுவது ஒப்புமைப் பொருளில்தான் என்றும், பெறப்பட்டதேயன்றிச் செய்யப்பட்டதன்று என்றும், செயலன்று, நிலை என்றும் கூறுகிறது. அந்த விளக்கத்தைச் சொல்லுக்குள்ளேயே வைப்பது கூர்மையை மழுக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. பாவம் என்ற சொல் இருந்தே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு: லத்தீன் மரபு, தோற்றுவிக்கும் பாவம், தோற்றுவிக்கப்பட்ட பாவம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது ஆதாமின் செயல், அதற்கு 'ஆதிப் பாவம்'. பின்னது நம் நிலை, அதற்கு 'வீழ்நிலை'. இதுவரை ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டியதால்தான், குழந்தை என்ன செய்தது என்ற கேள்வி ஒவ்வொரு ஞானஸ்நான வகுப்பிலும் எழுகிறது.

பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று எண்ணுகிறேன்: வரலாற்று நூல்களுக்குப் 'பிறவிப் பாவம்', பழைய வடிவமாக 'ஜென்ம பாவம்', ஆய்வெழுத்துக்கு 'வீழ்நிலை', கோட்பாட்டின் பெயராக 'வீழ்நிலைக் கோட்பாடு', ஆதாமின் குற்றம் சந்ததியின் கணக்கில் சேரும் என்ற தனிக் கருத்துக்கு 'வழிவழிக் குற்றப்பொறுப்பு'. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் எஞ்சும் இச்சைக்குத் 'தீநாட்டம்' என்று அம்மையார் தந்த சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. திரெந்து அதைப் பாவத்திலிருந்து பிறப்பது, பாவத்துக்குச் சாய்ப்பது என்கிறது. பாவமே என்று சொல்ல மறுக்கிறது. லுத்தரன் தரப்போ அதைப் பாவம் என்றே கொள்கிறது. 'தீ' என்னும் அடை ஒரு தரப்புக்குச் சாய்ந்துவிடுகிறது. வெறும் 'நாட்டம்' போதுமா என்று அம்மையாரும் ஐயாவும் கருத்துரைக்க வேண்டுகிறேன்.