வேட்டை நாய் இருக்கும் வீட்டுக்குப் பூனைக்குட்டி வருகிறது, எப்படிப் பழக்குவது?

சத்துவாச்சாரி மாடிவீடு:

வணக்கம். வீட்டில் மூன்று வயது சிப்பிப்பாறை கலப்பு நாய் இருக்கிறது. ஆண், கருத்தடை ஆகிவிட்டது, எடை 20 கிலோ. அடுத்த வாரம் இரண்டு மாதப் பெண் பூனைக்குட்டி வருகிறது. நாய் வீட்டாரிடம் சாது. ஆனால் அணில், ஓணான், மதில்மேல் போகும் பூனை எதைப் பார்த்தாலும் குரைக்காமல் அப்படியே விறைத்து நின்று, பிறகு பாய்கிறது. ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை, மேலே மொட்டை மாடி. சமையலறையிலும் ஓர் அறையிலும் பரண் உண்டு.

எப்படி அறிமுகப்படுத்துவது, எத்தனை நாள் ஆகும்? இரண்டுக்கும் ஒன்றாகவே சமைக்கலாமா? இன்னொன்று: பூனைக்கு வீட்டின்மேல்தான் பாசம், ஆள்மேல் கிடையாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நாயோடு மட்டுமே பழகிய வீட்டுக்குப் பூனையின் சுபாவத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

பாலாற்று மணல்:

குரைக்காமல் விறைத்து நிற்கிறது என்றீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால் பார்த்து ஓடி முயல் பிடிக்க வளர்க்கப்பட்டவை. அசையாத பூனை அதற்குப் பெரிய விஷயமில்லை, ஓடுகிற பூனைதான் இரை. இதில் கோபமோ பொறாமையோ இல்லாததால் திட்டியோ அடித்தோ மாற்ற முடியாது. ஒருமுறை துரத்திவிட்டால் அந்த ஓட்டமே அதற்குப் பரிசு, மறுநாளும் அதையே தேடும். ஆகவே குட்டிக்கு ஓட வேண்டிய நிலையே வராமல் வீட்டை அமைக்க வேண்டும், பூனையைக் கண்டதும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க நாயைப் பழக்க வேண்டும்.

பரண் இருக்கும் அறையைக் குட்டிக்கு ஒதுக்குங்கள். தண்ணீர், சாப்பாடு, மணல் தொட்டி எல்லாம் உள்ளேயே. கதவடியில் இடைவெளி இருந்தால் மரச்சட்டம் அடித்து மூடுங்கள், குட்டி கால் நீட்டினால் நாய் கவ்விவிடும். முதல் வாரம் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். ஒரு பருத்தித் துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி அதை நாயின் சாப்பாட்டுத் தட்டின் கீழே வையுங்கள். நாயின் கழுத்தைத் தடவிய துணி குட்டியின் தட்டுக்குக் கீழே. பூனையின் வாசனைச் சுரப்பிகள் கன்னத்தில் இருப்பதால்தான் கன்னம். தினமும் மாற்றுங்கள்.

அடுத்து, மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. ஆறு அடி தள்ளித் தொடங்கி, இரண்டும் நிதானமாகச் சாப்பிட்டால் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நெருக்குங்கள். கதவை ஒட்டிச் சாப்பிடும் நிலை வந்த பிறகுதான் கண்ணில் காட்டுவது. கொசுவலைக் கதவு இதற்கு ஆகாது. குட்டி அதில் ஏறும், நாய் கிழித்துவிடும். இரும்பு கிரில் கதவில் கோழிவலையைத் தரையிலிருந்து மேல்வரை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்து வந்துவிடும்.

பிறகு வார்ப்பட்டையோடு ஒரே அறையில். அதற்கு முன் காலை 7 மணிக்குள் நாயை நன்றாக நடத்திக் களைக்க வைத்துவிடுங்கள். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் நாயோடு, ஒருவர் குட்டியோடு. குட்டியைக் கையில் தூக்கிக் காட்டவே கூடாது. அது மிரண்டு உங்களைப் பிறாண்டும், உயரத் தூக்கிய கையைப் பார்த்தாலே நாய் எம்பும். மேசைமேல் அதுவாக உட்காரட்டும். நாய் அதைப் பார்த்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பினால் பட்டாணி அளவு வேகவைத்த கோழித்துண்டு. ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு மூன்று முறை. பட்டை தளர்வாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் அப்படியே நாய்க்குப் போகும்.

வாய் மூடி, காது முன்னே, உடல் விறைத்து, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நின்றால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். உடனே பின்னால் நகர்த்துங்கள். தரையை மோப்பம் பிடிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உடம்பை உதறுவது நல்ல அறிகுறி.

இரண்டு வாரத்தில் முடியலாம், இரண்டு மாதமும் ஆகலாம். வேட்டை இனத்துக்கு நாள் குறித்து வைக்காதீர்கள்.

அரியூர்க்காரன்:

இவ்ளோ எதுக்குங்க. நாயைச் சங்கிலியில கட்டிட்டு எதிர்ல குட்டியை விட்டுடுங்க. ரெண்டு நாள் குலைச்சிகினு இருக்கும், அப்புறம் தானா அடங்கிடும். எங்க பக்கம் பாதி வீட்ல நாயும் பூனையும் ஒண்ணாத்தான் கீது.

பாகாயம் பார்வதி:

அண்ணா, நீங்கள் சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் குட்டியிலேயே சேர்ந்து வளர்ந்திருக்கும். நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய 3 முதல் 14 வாரம், பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம், அந்த வயதில் யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். இங்கே நாய்க்கு மூன்று வயது. சங்கிலியில் கட்டிப் பூனையைக் காட்டினால், எட்ட முடியாத ஆத்திரம்தான் பூனையோடு சேர்ந்து மனதில் பதியும். குலைப்பது நின்றதும் பழகிவிட்டது என்று அவிழ்த்துவிடும் நாளில்தான் குட்டி சாகிறது. அமைதியாக இருப்பதும் ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு.

சுபாவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாயின் முன்னோர் ஓநாய், கூட்டமாக வேட்டையாடி வாழ்ந்தது. மற்றவர் முகம் பார்த்து நடப்பது அதன் ரத்தத்தில் உண்டு. பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் காட்டுப்பூனை. தனியாக எலி பிடித்துத் தனியாகத் தின்றது. யாருக்கும் பணியவேண்டிய தேவை அதற்கு வந்ததே இல்லை. அதோடு உடல் சிறியது என்பதால் தானே இன்னொன்றுக்கு இரையும்கூட. எந்த அறையிலும் தப்பிக்கும் வழியை முதலில் பார்ப்பது அதனால்தான், நோயை மறைப்பதும் அதனால்தான். இதைப் பாசமின்மை என்று எடுத்துக்கொண்டால் பூனைக்கு அநியாயம். வளர்ப்பவர் குரலை அது நன்றாகவே பிரித்தறியும், வருவதா வேண்டாமா என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளும்.

இரண்டுக்கும் சண்டை வருவதே பாதி நேரம் ஒன்றின் பேச்சு மற்றதற்குத் தலைகீழாகக் கேட்பதால்தான். நாய் வாலைத் தளர்வாக ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலைப் பக்கவாட்டில் அடித்தால் எரிச்சல், வாலைச் செங்குத்தாகத் தூக்கி நுனியை மட்டும் வளைத்துக்கொண்டு வந்தால் அதுதான் வரவேற்பு. நாய் மல்லாந்து படுத்தால் பல நேரம் வயிற்றைத் தடவச் சொல்கிறது. பூனை மல்லாந்தால் உங்களை நம்புகிறது, அவ்வளவே. கையை வைத்தால் நான்கு காலாலும் பிடித்துக் கடிக்கும். புதிய நாய்கள் ஒன்றையொன்று பின்புறம் மோந்து விசாரிக்கும். பூனைக்கு அது அத்துமீறல், மூக்கோடு மூக்கு வைப்பதுதான் அதன் முறை. நீங்களும் ஒரு விரலை அதன் மூக்கின் உயரத்துக்கு நீட்டிக் காத்திருங்கள். தானாக வந்து கன்னத்தை உரசினால் கன்னத்தையும் தாடையையும் மட்டும் தடவுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல், கண்ணை மெதுவாக மூடித் திறந்து காட்டினால் அதுவும் அப்படியே பதில் சொல்லும்.

குட்டி சீறினால் கண்டிக்காதீர்கள். கிட்டே வராதே என்று பிறாண்டாமல் சொல்ல அதற்கு இருக்கும் வழி அது. அதை அடக்கினால் அடுத்தது நகம்தான், நாயின் கருவிழியில் படும். சந்திப்புக்கு முன்பே குட்டியின் நக நுனியில் கண்ணாடிபோல் தெரியும் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள், இளஞ்சிவப்பாகத் தெரியும் இடம் ரத்தக்குழாய்.

பரணுக்குப் போக இரண்டு வழி வையுங்கள். ஒன்றே வழி என்றால் நாய் அதன் கீழேயே படுத்துக்கொள்ளும், குட்டி மேலே சிறைப்பட்டுவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு பீரோ எட்டாது. ஒரு மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிச் சாய்த்து வைத்தால் ஏறவும் ஆகும், நகம் தீட்டவும் ஆகும்.

தோட்டப்பாளையம் சமையல்:

ஒன்றாகச் சமைக்காதீர்கள். நாய் சோறும் கறியும் கலந்து சாப்பிட்டு வாழும், மாவுச்சத்தைச் செரிக்க அதற்கு முடியும். பூனைக்கு இறைச்சி கட்டாயம். டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது, உணவில் வரவேண்டும். மாதக்கணக்கில் குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். நாய்த் தீனியையே பூனைக்கும் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

கோழி நெஞ்சுக்கறியைவிட கோழி இதயத்தில் டாரின் அதிகம், கறிக்கடையில் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும், அதனால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்தே கொடுங்கள். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். ஈரல் வாரத்துக்கு ஒருநாள் சிறு துண்டு போதும், தினம் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு கெடும். பச்சை மீன் வேண்டாம், சில மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையல் மட்டும் என்றால் கால்சியம் நிச்சயம் குறையும். ஒரு வயது வரை கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான தீனியைப் பிரதானமாக வைத்து, கோழியைப் பக்கத்துணையாக வைப்பதே சரி. ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. நாய்க்கு இரண்டு வேளை. பால் சோறு பூனைக்குப் பாரம்பரியம்போல ஆகிவிட்டது, ஆனால் பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும்.

நம் ஊரில் தனியாகச் சொல்லவேண்டியது பிரியாணி மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மீந்ததை நாய்க்கு வைப்பது வழக்கம். அதில் வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரம். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சை, உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் பாயசமும் வேண்டாம்.

குட்டியின் தட்டு ஜன்னல் திட்டில் இருக்கட்டும், நாய்க்கு எட்டாமல். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் சாப்பாட்டிலிருந்து தள்ளி, அகலமானதாக வையுங்கள். சாப்பாட்டுப் பக்கத்துத் தண்ணீரைச் சில பூனைகள் விரும்பாது.

சத்துவாச்சாரி மாடிவீடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். நாய்க்கு உண்ணி வருகிறது, முதுகில் மருந்து விடுகிறோம், குட்டி நெருங்கலாமா? மணல் தொட்டி நாய்க்கு எட்டாமல் எப்படி? வெயில் காலத்தில் இரண்டையும் மாடியில் விடலாமா?

கோட்டை அகழி:

உண்ணி மருந்துதான் அவசரம், இன்றே டப்பாவைப் பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. மருந்து விட்ட நாயை உரசினாலோ நக்கினாலோ நடுக்கம், வலிப்பு, சாவுவரை போகும். நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. நாய்க்கு மாத்திரையாகக் கொடுக்கும் அஃபாக்சோலனர் அல்லது ஃப்ளூராலனர் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து நாயின் ரத்தத்தில் இருப்பதால் மேலே பட்டு ஒட்டும் பயமில்லை. வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாயின் மேல் தெரியும் உண்ணிகள் கொஞ்சமே, முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் சுவர் விரிசலில், கட்டிலடியில், கூரை மூலையில் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாய் சாப்பிடாமல், காய்ச்சலோடு, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தரை துடைக்கும் பினாயிலையும் நிறுத்துங்கள். குட்டி ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கும், பீனால் பூனைக்கு நஞ்சு. பீரோவில் போடும் அந்துருண்டையும் அப்படியே. குட்டிக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தேவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும்.

மணல் தொட்டியைக் குட்டியின் அறையிலேயே வைத்து, இரண்டும் பழகிய பிறகு கதவைக் கொக்கி போட்டுச் சிறிது திறந்து வையுங்கள். மற்ற நாய்களுக்குச் செய்வதைவிட இடைவெளி குறைவாக இருக்கவேண்டும், சிப்பிப்பாறைக்கு முகம் ஒடுக்கம். பூனைக் கழிவில் புரதம் மிச்சம் இருப்பதால் நாய்கள் தேடிப்போய்த் தின்னும், அதோடு குடற்புழுவும் போகும். மணல் இரண்டு அங்குல ஆழம், தினம் ஒருமுறையாவது அள்ளுங்கள். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி கழிவில் வெளியேறி ஒரு நாளாவது ஆன பிறகே தொற்றும் நிலைக்கு வரும், தினம் அள்ளினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்.

மாடி விஷயம். வேலூரைச் சுற்றிலும் பாறை மலை, கத்திரி வெயிலில் ராத்திரியும் தரை ஆறாது. புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் வெந்துவிடும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது சாதாரணம், அப்படித்தான் அது உடம்பைத் தணிக்கிறது. பூனை வாய் திறந்து இரைத்தால் அது ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரில் நனைத்து, காற்றாடி போட்டு, மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். கைப்பிடிச் சுவரில் வலை அடிக்காமல் குட்டியை மாடிக்கு விடவே வேண்டாம், காக்கையைப் பார்த்துத் தாவிவிடும்.

குட்டிக்கு முத்தடுப்பு ஊசி 8 வாரத்தில் தொடங்கி 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை, வெறிநோய் ஊசி 3 மாதத்தில். குட்டி யாரைப் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். குட்டிக்கு 5 மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள், பெண் குட்டி 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பொறுத்துப் பார்க்கலாம், குட்டி ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பொறுக்கக் கூடாது.

இரண்டும் ஒரே பாயில் படுத்தாலும் குறைந்தது ஆறு மாதம், குட்டி நன்றாக வளரும் வரை, ஆள் இல்லாதபோது தனித்தனி அறையில் அடைத்துவிட்டே வெளியே போங்கள். தீபாவளி வெடிச் சத்தத்திலும் அப்படித்தான். பயந்த பூனை ஓடும், ஓடுகிற பூனையைப் பார்த்தால் பழகிய சிப்பிப்பாறையும் பாய்ந்துவிடும்.