புதுப்பிப்பு: சார்ட் சப்ளிமென்டில் டவர் நேரம், ஒரு திருத்தம்

அமெரிக்க வான்போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் சார்ட் சப்ளிமென்ட் (விமான நிலைய விவரங்களைத் தரும் கையேடு) பற்றிய முந்தைய இழையில், கிழக்குக் கரை விமான நிலையங்களின் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) இயங்கும் உள்ளூர் நேரத்தை அறிய, “ஜூலு நேரத்தில் (உலகப் பொது நேரமான UTC) 5 மணி கழியுங்கள்” என்று மட்டும் எழுதியிருந்தேன். கோடையில் அது பொருந்தாது.

நேரத்தை ஒட்டி இரட்டைச் சிலுவைக் குறி (‡) இருந்தால், கடிகாரத்தை 1 மணி முன்தள்ளும் கோடை நேரம் அமலில் உள்ளபோது அச்சிட்டதைவிட 1 மணி முன்னதாக எடுக்க வேண்டும். 1200–0400 என்பது 1100–0300 ஆகும். கோடை நேரத்தில் கிழக்குக் கரைக்குக் கழிக்க வேண்டியது 4 மணி; அதைக் கழித்தால் காலை 7 முதல் இரவு 11. குளிர்காலத்தில் 1200–0400இல் 5 கழித்தாலும் அதே உள்ளூர் நேரம்தான். குறியைக் கவனிக்காமல் 1200இல் 4 கழித்தால் 8 மணி என்று வரும். ஆனால் டவர் 7 மணிக்கே திறந்து, வான்வெளி ‘டி’ வகுப்பாகியிருக்கும் (டவருடன் ரேடியோ தொடர்பு கட்டாயமான வகுப்பு). தொடர்பு கொள்ளாமல் நுழைந்தால் விதிமீறல்.

ஓடுபாதை நீளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 5,000 அடிப் பாதையில் இறங்குமுனை 500 அடி உள்ளே தள்ளியிருந்தால், அந்தத் திசையில் இறங்க 4,500தான். 56 நாள் பதிப்புக்கு இடையிலான மாற்றங்களுக்கு ‘நோட்டம்’ (NOTAM) எனும் விமானிகளுக்கான அறிவிப்புகளைப் பாருங்கள்.