ரொறன்ரோவா, டொராண்டோவா? எது சரி?

மதுரைக்காரி:
கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. மகள் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ‘எங்கள் ஊர்’ கட்டுரையில் அவள் ‘டொராண்டோ’ என்று எழுதியதை ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து ‘ரொறன்ரோ’ ஆக்கியிருக்கிறார். ஆகஸ்ட் ‘ஓகஸ்ட்’, ஆபீஸ் ‘ஒபிஸ்’. ஆசிரியை யாழ்ப்பாணத்தவர், நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் கடைப் பலகையில் ‘ஸ்ரோர்ஸ்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மதுரையில் மாமியார் பேத்தியின் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஏம்மா, பிள்ளைக்கு ‘ட’ வரலையா?” என்கிறார். இது பிழையா, வழக்கா? ஆசிரியையிடம் பேசலாமா?

வடமராட்சியான்:
பிழை இல்லை அக்கா. ‘வெற்றி’ என்று யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்வதை ஒருக்கால் கேளுங்கோ. நாக்கு நுனி மேல்பல் முரசில் (உங்களுக்கு ஈறு) தட்டும். ஆங்கில ‘ரீ’ எழுத்தும் (T, உங்களுக்கு டீ) கிட்டத்தட்ட அங்கேதான் பிறக்கிறது. ‘ட’ சொல்ல நாக்கை மடிக்க வேணும். அதனால்தான் இன்ரர்நெற், பற்றறி. டகரத்தை நாங்கள் ‘டி’ (D) எழுத்துக்கு வைத்திருக்கிறோம், டொக்டரில் முதலில் வருகிற மாதிரி. உங்கள் ஊரில் கழுத்தில் கட்டுவதும் டை, தலைமுடிக்குப் பூசுவதும் டை. எங்களுக்குக் கட்டுவது ரை, பூசுவதுதான் டை.

பூட்டுக்கடை (திண்டுக்கல்):
அப்போ ‘ரயில்’ என்று எழுதினால் டயிலா? தொல்காப்பியப்படி சொல்லுக்கு முதலில் டகரமும் வராது, ரகரமும் வராது. ஆக இரண்டு கட்சியும் அவுட்!

வடமராட்சியான்:
அது ‘றெயில்’. ரொறன்ரோவையே பாருங்கோ. இரண்டு ரகரமும் ‘ரீ’ ஒலி, நடுவில் இருக்கிற றகரம்தான் ‘ஆர்’. எல்லாரும் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ‘ரீ குடித்தேன்’ என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேணும்.

பாலக்காட்டுத் தமிழன்:
மலையாளத்திலும் இன்டர்நெட், சாட் எல்லாவற்றுக்கும் கடைசியில் இரட்டை றகரம்தான். ‘டிக்கெட்’ மாதிரிச் சொற்களுக்கு முதலில் ட, முடிவில் ற்ற. பஞ்சாயத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

மதுரைக்காரி:
சரி, ஆசிரியையிடம் போகவில்லை. வகுப்பில் ரொறன்ரோ, மாமியாருக்கு டொராண்டோ. ரை, டை விஷயத்தை மகளிடம் சொன்னதும் அவளுக்கு ஒரே குஷி, வீட்டில் இருக்கிற சாமானுக்கெல்லாம் இரண்டு விதமாகப் பெயர் எழுதி ஒட்டுகிறாள். பிரிட்ஜ் மட்டும் எப்படியும் ஒரே மாதிரிதான் வருகிறதாம், அதில் அவளுக்கு வருத்தம். அப்புறம், ‘ஓகஸ்ட்’டுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

வடமராட்சியான்:
பிரித்தானியர் சொல்கிறபடி எழுதினது அக்கா. அவர்கள் அதை வாயைக் குவித்துத்தான் சொல்வார்கள். ஒபிஸும் கொலிஜும் அப்படித்தான். வாயை ‘ஆ’ என்று திறந்தது நீங்கள்!